வெட்டிய எழுபத்தொரு நொடி

அவளை அக்கா என்றே வைத்துக்கொள்வோம். அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவனும் இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். "தம்பி வந்தானா, தம்பி வந்தானா" என்று கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். தம்பியோ எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான். ஏன் வரவில்லை என்று இவள் கேட்கவில்லை, அவனாகவும் சொல்லவில்லை. அதன்பின் "ம்", "சரி", "வைக்கிறேன்" என்ற மூன்றே சொல்லில் அக்கா தம்பி உறவு போனில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வேலை என்னவென்றால், டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டு, நோயாளிகளின் அறிக்கைகளாகத் தட்டச்சு செய்வது. கைகள் விசைப்பலகையில், வலது கால் தரையிலிருக்கும் மிதியில். மிதித்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும், இன்னொரு பக்கம் அழுத்தினால் தாவும். டாக்டர் இருமினால் தாவு, ஏப்பம் விட்டால் தாவு, யோசித்துக்கொண்டு சும்மா இருந்தால் கண்டிப்பாகத் தாவு. இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு, அதில் கடைசி ஆறு வருஷம் மூன்றாவது மாடியில், தன் வீட்டிலேயே. அடுத்தவர் குரலைக் கேட்டுக் கேட்டு அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகும் போலிருந்தது. சில நாள் சாயங்காலம்தான் ஞாபகம் வரும், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்று.

அப்படி ஒரு நாளில்தான், இணையத்தில் பேசிப் போடும் பாட்காஸ்ட் ஒன்றை ஆரம்பிக்கும் ஆசை வந்தது. ஆரம்பிப்பது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் ஒன்பதைப் பார்த்தாள். மைக் வாங்கினாள். எதிரொலி வராமலிருக்க மேஜையைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். தலைப்பு, 'சும்மா ஒரு பேச்சு'. முதல் "வணக்கம்" சொல்ல மட்டும் பதினான்கு தடவை ஆயிற்று. என்ன பேசினாள் என்கிறீர்கள்? ஒருத்திக்குச் சமைப்பதில் உள்ள கஷ்டம், பக்கத்து வீட்டு அலாரம், இப்படி. மூன்று பகுதிகள் வெளியிட்டாள். ஒவ்வொன்றையும் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று அவளேதான், சந்தேகமில்லை. இன்னொன்று யார் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் தம்பி போன் செய்தான். பஸ் ஓட்டுகிறவன், டிப்போவில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது.

"அக்கா, ரெண்டாவதுல மைக்கை ஊது ஊதுன்னு ஊதறியே, என் காது என்னத்துக்கு ஆகும்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா கேக்கறே?"

"நான் கேக்காம வேற எவன் கேப்பான்?"

இரண்டு வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசிய முதல் பேச்சு அது. விட்டால் மறுபடி "ம்", "சரி" என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில், "அடுத்ததுக்கு நீ வாயேன்டா, ரெண்டு பேருமா பேசலாம்," என்று சொல்லிவிட்டாள். "எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும்" என்றான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தான், ஃபோட்டோ எடுக்கப் போவதுபோல் இஸ்திரி போட்ட சட்டையில்.

போர்வைகளுக்குள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சின்ன வயது சண்டைகள், அவன் முதன்முதலில் பஸ்ஸைச் சுவரில் இடித்தது, எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. அந்தத் தைரியத்தில் கேட்டாள்.

"அப்பா உன்னையே கேட்டுட்டிருந்தாரு. ஏன்டா வரலை?"

வாட்சைக் கழற்றினான், திரும்பக் கட்டினான். எச்சிலை விழுங்கினான். எங்கோ லிஃப்ட் கதவு மூடியது. பதிவு ஓடும் நேரத்தைப் பார்ப்பது அவளுக்குத் தொழில் பழக்கம். திரையில் எழுபத்தொரு நொடிகள் போயின. அவன் கன்னம் நனைந்திருந்தது, சத்தமே இல்லை.

"வந்தேன்க்கா," என்றான். "ரெண்டு தடவை வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள போனா அவரு செத்துடுவாருன்னு தோணுச்சு. திரும்பிட்டேன்."

அன்றைக்கு அவன் அங்கேயே சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். போகும்போது படியில் நின்று, "அடுத்த வாரமும் வரட்டா?" என்று கேட்டான். இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷத்தில் மனுஷர் செய்யும் முட்டாள்தனங்களுக்குக் கணக்கே கிடையாது. மறுநாள் பதிவைச் சீர்செய்ய உட்கார்ந்தாள். அமைதியை விட்டுவைத்தால் கேட்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஒன்பது வீடியோக்காரர்களும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். பேச்சில்லாத இடங்களைத் தானே வெட்டிவிட, பதிவுச் செயலியில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். நாற்பத்தாறு நிமிஷம் முப்பத்தைந்தாகச் சுருங்கியது. ஓட்டிப் பார்த்தாள், கண்ணாடி மாதிரி சுத்தம். இருபத்திரண்டு வருஷம் அமைதியைத் தாவிப் பழகிய காதுக்கு ஒன்றும் உறுத்தவில்லை, பாவி! அதே பெயரில், பழையதன் மேலேயே சேமித்தாள். வெளியிட்டாள்.

தம்பி பெருமை தாங்காமல் டிப்போ முழுக்க அனுப்பியிருந்தான். இரண்டே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எண் ஏற ஏற இவள் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "அப்பாவைப் பத்திக் கேட்டா டக்குனு பதில் சொல்றாரு. பேசி வெச்சுட்டு வந்திருக்காங்க." இன்னொருவர்: "கல்நெஞ்சு." அதைப் படித்ததும் பதிவைத் திறந்தாள். ஓட்டிக் கேட்டாள். "ஏன்டா வரலை?" "வந்தேன்க்கா." நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. பஸ் ஏன் லேட்டு என்று கேட்டதற்குச் சொல்லும் பதில்போல் இருந்தது.

அதற்குள் தம்பியின் போன்.

"அக்கா, நான் எத்தனை நேரம் பேச முடியாம உக்காந்திருந்தேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்டா."

"என் பொண்டாட்டி ரெண்டு வருஷமா என்னைக் கேக்கறா, பெத்த அப்பாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, நீ என்ன மனுஷன்னு. இதைக் கேளுடி, எனக்குப் பேச்சே வரலைன்னு உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். 'எங்க, பட்டுனு சொல்லிட்டீங்களே'ன்னா."

"வெட்டிட்டேன்டா. பழக்கதோஷம். இன்னொரு தடவை வா, திரும்பப் பதிவு பண்ணலாம்..."

"வந்து? எண்ணிக்கிட்டு உக்காந்து அழுது காட்டணுமா?"

வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு அவள் இரண்டு பேருக்குச் சமைத்தாள். அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

கணினியைத் தலைகீழாகப் புரட்டினாள். பழைய பதிவு எங்கும் இல்லை. காலி அறையைப் பதிவுசெய்து அந்த இடத்தில் ஒட்டிப் பார்த்தாள். அதில் அவன் இல்லை, வெறும் அறைதான் இருந்தது. ஏமாற்று வேலை என்று தோன்றியது, அழித்தாள். முந்நூற்றுச் சொச்சம் பேர் கேட்ட அந்தப் பகுதியையும் எடுத்துவிட்டாள். விரல் கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்வானேன்.

பிறகு மைக் முன் உட்கார்ந்தாள்.

"போன பகுதியில என் தம்பி டக்குனு பதில் சொன்னதா நினைச்சிருப்பீங்க. இல்லை. எழுபத்தொரு நொடி அவனால பேச முடியலை. வாட்சைக் கழட்டினான், கட்டினான். சத்தமில்லாம அழுதான். எதிர்ல உக்காந்து பார்த்த நானே அதை வெட்டிப் போட்டுட்டேன். அவன் மேல தப்பில்லை. இப்ப அதே எழுபத்தொரு நொடி நான் பேசாம இருக்கப் போறேன். போறவங்க தாராளமா போகலாம்."

பேசாமல் இருந்தாள். வெட்டாமல் வெளியிட்டாள்.

கேட்பவர்கள் எந்த நொடியில் கழன்றுகொள்கிறார்கள் என்று காட்டும் படம் ஒன்று பாட்காஸ்டை வெளியிடும் தளத்தில் உண்டு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தாள். நூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவள் பேச்சை நிறுத்திய இடத்தில் கோடு மளமளவென்று இறங்கி, பன்னிரண்டாவது நொடியில் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. கடைசிவரை இருந்தது ஒரே ஒருவர். இந்த முறை அவள் தன்னுடையதைக் கேட்டிருக்கவில்லை. யார் என்று படம் சொல்லாது.

மறுநாள் காலை தம்பியின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவன் மனைவி.

"அண்ணி, நான்தான். முழுசாக் கேட்டோம். நீங்க நிறுத்தினதும் முடிஞ்சுபோச்சுன்னு நான் அணைக்கப் போனேன். 'இரு, இன்னும் இருக்கு'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதாரு, அண்ணி. கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து நான் பார்த்ததே இல்லை. இனிமே அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

"பக்கத்துல இருக்கானா? ஒரு நிமிஷம் குடேன்."

அந்தப் பக்கம் கையால் பொத்துவது கேட்டது. ஏதோ கிசுகிசுப்பு. அவன் குரல்தான், வார்த்தை பிடிபடவில்லை.

"இப்ப வேண்டாங்கறாரு, அண்ணி."

"சரிம்மா. வற்புறுத்தாதே. சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு."

போனை வைத்தாள். அவன் வீட்டில் அவனை நம்பிவிட்டார்கள், அது போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். போதவில்லை. பிறகு அவளும் அழுதாள். கேட்க ஆளில்லாத வீடு, சத்தமாகவே அழுதாள்.