எந்தத் தெருவிலும் இல்லாத ஆள்

ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை எந்திரத்தில் எதிரெதிராக வைத்து மூடியை அழுத்திச் சுழலவிட்டால் எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். சிவப்பு கீழே இறங்கி மேலே மஞ்சள் தெளியும்வரை யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். இந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த நான்கு வருடங்களில் நான் படித்த காதல் நாவல்கள் எல்லாம் இப்படிப் பத்துப் பத்து நிமிடங்களாகப் படித்தவைதான். படித்த சூட்டிலேயே கைபேசியில் விமரிசனமும் எழுதிவிடுவேன். இணையத்தில் நாங்கள் படிக்கிற வாசகர் குழுவில் என் பெயர் ‘கறார்’. படம் கிடையாது, ஊர் கிடையாது. அது நான்தான் என்பது என் வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

காதல் நாவல்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஆறடிக்குக் குறைந்த கதாநாயகனை நான் இதுவரை பார்க்கவில்லை. எல்லோருக்கும் சொந்தமாக ஒரு கம்பெனி இருக்கும். அங்கே என்னதான் தயாரிக்கிறார்கள் என்பது கடைசி அத்தியாயம்வரை தெரியாது. அவள் தடுக்கி விழுவாள், விழுகிற இடம் பார்த்து அவன் நின்றுகொண்டிருப்பான். கதை பாதியைத் தாண்ட அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக வேண்டும். அந்தக் காய்ச்சலுக்கு ஒருவரும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவள் கையை இறுக்கிப் பிடிப்பான். ‘கையை இறுக்கினால் நரம்பு புடைக்கும், காதல் வராது, இதை நான் தொழில்முறையில் சொல்கிறேன்’ என்று ஒருமுறை எழுதினேன். முந்நூறு பேர் சிரிப்புக் குறி இட்டிருந்தார்கள். அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஏன் படிக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கறார் ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தப்பித்திருப்பாள். எங்காவது ஒரு பக்கத்தில், ஒரே ஒரு வரியிலாவது, ஒருத்தியை ஒருவன் நின்று கவனிப்பதைப் படித்துவிட மாட்டோமா என்றுதான் படித்தேன். அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிற தைரியம் கறாருக்கு இல்லை.

அந்தப் புதன்கிழமை படித்தது ஒரு தொடர்கதையின் பதினோராவது அத்தியாயம். எழுதுகிறவள் புதிது, புனைபெயர். கதாநாயகன் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். குள்ளம், முன்தலையில் வழுக்கை. இதுவே ஆச்சரியம் என்று பத்து அத்தியாயங்களை நான் சும்மா விட்டுவைத்திருந்தேன். பதினொன்றில், கல்யாணமாகி ஒன்பது வருடமான அவன் காலையில் மனைவியை அலுவலக வாசலில் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறான். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறாள். அவன் கிளம்புவதில்லை. தலைக்கவசத்தின் வாரைப் போடுவதும் கழற்றுவதுமாக, அது சரியாக மாட்டவில்லை என்பதுபோல நடித்துக்கொண்டு, அவளுடைய அறையில் விளக்கு எரிகிறவரை நிற்கிறான். எரிந்ததும் போய்விடுகிறான். மனைவிக்கு இது தெரியாது.

நெஞ்சுக்குள் யாரோ நெருப்புக் கங்கு ஒன்றை வைத்த மாதிரி இருந்தது. அந்த மனைவியின்மேல் எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. கொடுத்துவைத்தவள், அதுவும் தெரியாமல் கொடுத்துவைத்தவள். எந்திரம் நிற்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. எழுதினேன்: ‘கடிகாரம் ஓடுகிறது, கதை நின்றுவிட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகும் விளக்கு எரிகிறவரை வாசலில் நிற்கிற கணவனாம். இப்படி ஒரு ஆள் எந்தத் தெருவிலும் இல்லை. எழுதியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிகிறது.’

சாப்பிடுகிற நேரத்துக்குள் இருநூற்றுச் சொச்சம் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கறாரின் விமரிசனங்களை ஒன்றுவிடாமல் படிப்பார். நாவல்களைப் படிக்க மாட்டார். அன்று மாலை சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னிக்கு நல்லா வெச்சு வாங்கியிருக்க போல” என்றார்.

“பின்ன என்ன? ஒரு நம்பற மாதிரி எழுத வேணாமா?”

தலையாட்டினார். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். “அப்படி ஒருத்தன் இருக்கவே மாட்டான்னு எழுதியிருக்க.”

“ஆமா. நீங்க பாத்திருக்கீங்களா?”

“எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. ஒரு தட்டுக்கு இவ்வளவு தண்ணீரா என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் எங்கள் வரவேற்பு மேசைக்காரி டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏழெட்டு வயது இளையவள். புருஷன் வீட்டிலிருந்து வந்து மூன்று வருடமாகிறது, அதைப் பற்றிப் பேச்சு வந்தால், “அந்த ஆளு வண்டிய நிறுத்த மாட்டாருக்கா, வேகத்தக் கொறைப்பாரு, நான்தான் குதிச்சுக்கணும். ஒருநாள் குதிச்சவ அப்படியே எங்கம்மா வீட்டுக்கு நடந்துட்டேன்” என்று சிரிக்க வைப்பாள். வருகிறவர்களின் பெயரைத் தட்டச்சு செய்து குழாய்க்குச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. அவளுக்கு நேரெதிரே கண்ணாடிக் கதவு, கதவுக்கு அப்பால் தெரு.

“என்னடி, டப்பாவ முறைச்சுக்கிட்டு இருக்க?”

“அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் ஒரு கதை எழுதறேன். காதல் கதைதான், சிரிக்காதீங்க.” குரல் கம்மியிருந்தது. “அதுல ஒரு பொம்பள வந்து நேத்து கிழிகிழின்னு கிழிச்சிருக்குது. கறாராம். இப்படி ஆளே கிடையாதாம். கற்பனையா எழுதியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும். நான் பாத்தத எழுதினேன்கா.”

என் கையில் எடுத்த கவளம் பாதியில் நின்றது. “எங்க பாத்த?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைக் காட்டினாள். “தெனமும் எட்டு மணிக்கு. நம்ம அண்ணன்தான்கா. நீங்க உள்ள போயி லைட்டப் போடற வரைக்கும் அந்த ஹெல்மெட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு நிப்பாரு. நீங்களும் ஒருநாளாச்சும் திரும்பிப் பாப்பீங்கன்னு நானும் பாக்கறேன். கோவிச்சுக்கிட்டீங்களா? வேலையெல்லாம் மாத்திட்டேன்கா, கடிகாரக்காரன்னு.”

“கோவமெல்லாம் இல்ல” என்றேன். “சாப்பிடு.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நேற்று நான் பொறாமைப்பட்ட அந்த மனைவி நான்தான். அதற்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு அடங்கியதும் வந்தது நான் எதிர்பார்க்காதது: கங்கு அப்படியே இருந்தது, இடம் மட்டும் மாறி, இப்போது அவள்மேல். என் புருஷனின் நான்கு வருடத்துக் காலைகள் அவளிடம் இருந்தன. நான் முதுகைக் காட்டிக்கொண்டு போன அத்தனை காலைகளிலும் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அண்ணன் என்றுதான் சொல்கிறாள். மனதில் வேறெதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? அவரை எடுத்துக்கொண்டு போயிருந்தால் சண்டை போட்டு மீட்டிருக்கலாம். பார்த்து வைத்திருப்பதை எப்படி மீட்பது?

அன்று நான்கு முறை எந்திரத்தைச் சுழலவிட்டேன். நான்கு முறையும் முதல் அத்தியாயத்திலிருந்து துழாவினேன், வீட்டில் ஏதோ களவு போனவள்போல. கடிகாரக்காரன் பேசி முடித்த பிறகும் தலையாட்டிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும், எரிச்சலாகத் தெரியும். அவள் அதை, ‘சொன்ன சொல்லுக்கு உள்ளே இன்னொருமுறை சம்மதம் சொல்லிக்கொள்கிறவன்’ என்று எழுதியிருந்தாள். ஐந்தாம் அத்தியாயத்தில், யாருக்காவது காத்திருக்கும்போது எதிர்க்கடைப் பலகையில் இருப்பதைக் குழந்தைபோல உதட்டை அசைத்துப் படிப்பான் என்று இருந்தது. இது எனக்குத் தெரியாது. அவள் இட்டுக்கட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

மாலை அவர் அழைத்துப்போக வந்தபோது வெளியே போகாமல் என் அறையின் தெருப்பக்கச் சன்னலில் ஒதுங்கி நின்று பார்த்தேன். வண்டியின் மேல் சாய்ந்து, எதிரே பெயின்ட் கடையின் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் இட்டுக்கட்டவில்லை. அதோடு, இந்தக் காட்சியை நான் இரண்டாவது ஆளாகப் பார்க்கிறேன் என்கிற எண்ணமும் வந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் நல்ல வரியாகப் பார்த்து யாரோ முன்பே பென்சிலால் கோடு போட்டிருப்பார்களே, அப்படி. வரி நல்ல வரிதான். ஆனால் கோட்டை அழித்துவிட்டு அதைப் படிக்க முடியாது.

வண்டியில் ஏறி உட்கார்ந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்கலாம் என்று வாயெடுத்தேன். என்னவென்று கேட்பது?

வெள்ளிக்கிழமை காலை இறங்கியதும் வழக்கம்போல நடந்தேன். ஏழெட்டு அடி வைத்ததும் திரும்பினேன். நான்கு வருடத்தில் முதல் முறை. மனதில் எல்லாம் தயாராக இருந்தது: நான் திரும்புவேன், அவர் திகைப்பார், வாரிலிருந்து கை நழுவும். தெருவில் ஒரு பால் வண்டியும் ஒரு நாயும் இருந்தன. அவர் அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்தார். இடது பக்கம் திரும்புவதற்கான விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்தபோது மேசைக்காரி தலையைத் தூக்கினாள். “என்னக்கா, வீட்ல சண்டையா? ரெண்டு நாளா அண்ணன் இறக்கிவிட்டதும் பறந்துடறாரே?”

இரண்டு நாள். புதன்கிழமை மாலையிலிருந்து கணக்கு. ‘இப்படி ஒரு ஆள் எந்தத் தெருவிலும் இல்லை.’ தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரும், வெகுநேரம் ஓடிய தண்ணீரும் இப்போதுதான் எனக்கு விளங்கின. நான் இரண்டு வார்த்தையில் சிரித்துக் கடந்ததை அவர் நான்கு வருடமாகச் சொல்லாமல் செய்துகொண்டிருந்தார். இருநூற்றுச் சொச்சம் பேர் ஆமாம் போட்டதையும் பார்த்திருப்பார்.

எங்கள் தொழிலில் தப்பு நேர்ந்தால் மறைக்க வழியில்லை. கொடுத்த அறிக்கையை அழிக்க முடியாது. புது ரத்தம் எடுத்து, மறுபடி பார்த்து, ‘திருத்தப்பட்ட அறிக்கை’ என்று தலையில் அச்சடித்து, ஆளைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அன்று முதல் சுற்று ஓடும்போது கைபேசியை எடுத்து, ‘திருத்தம்’ என்று அடித்தேன். ‘இப்படி ஒரு ஆள் இருக்கிறார்’ என்று அடித்தேன். அதற்குமேல் விரல் போகவில்லை. இருக்கிறார் என்றால், எங்கே என்று இருநூறு பேரும் கேட்பார்கள். மேசைக்காரிக்கும் தெரிந்துவிடும், கறார் யார் என்பதும், கோவமில்லை என்று நேற்று சொன்னவள் யார் என்பதும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவர் இருப்பதை அத்தனை பெண்களுக்கும் சொல்ல எனக்கு மனசில்லை. அழித்துவிட்டேன்.

மதியம் அவள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். “அக்கா, நீங்க நல்லா படிப்பீங்கன்னு தெரியும். உள்ளத சொல்லுங்க. அந்தப் பொம்பள சொன்னதுதான் சரியோன்னு இருக்குது. அடுத்த அத்தியாயத்துல கடிகாரக்காரன வெளிநாட்டுக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன். புதுசா ஒருத்தன் வர்றான்.”

“எவ்ளோ உயரம்?”

“ஆறடிதான்கா” என்றாள், வெட்கத்தோடு.

அனுப்பாதே, அவன்தான் உன் கதையிலேயே உண்மையான ஆள், இத்தனை வருடத்தில் நான் படித்த கதாநாயகர்களில் ஒருவன்கூட அவன் செருப்புக்குச் சமமில்லை. இதுதான் என் நேர்மையான விமரிசனம். நாக்கு நுனியில் இருந்தது. அனுப்பிவிட்டால் இனி அவரைப் பற்றி அவள் எழுத மாட்டாள். எழுதாவிட்டால் பார்க்கவும் மாட்டாள்.

“அனுப்பிடு” என்றேன்.

அவள் நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள். “சொல்லிட்டீங்க. எனக்குத்தான் மனசு வர மாட்டேங்குது. பாவம்கா, அந்தாளு பெட்டி கட்டிக்கிட்டு எங்க போவாரு?” என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுவிட்டு மேசைக்குப் போனாள். பின்னால் எந்திரம் நின்று, எடுத்துக்கொள் என்று கூவத் தொடங்கியிருந்தது. நான் அதைக் கூவவிட்டு நின்றேன்.

சனிக்கிழமை காலை வாசலில் வண்டி நின்றது. இறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை முறுக்கினார்.

“நீங்க கெளம்புங்க” என்றேன். “நான் அப்பறமா உள்ள போறேன்.”

“ஏன், சாவி மறந்துட்டியா?”

“இல்ல.”

“தலை சுத்துதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க போங்க, நான் நிக்கறேன்.”

“எதுக்கு?”

“சும்மா.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே கிளம்பினார். சட்டையின் பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி போகாத ஓர் இடம் சுருங்கியிருந்தது. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஒரே பக்கம் கருவிப் பையைத் தூக்கித் தூக்கி வந்தது. இது கதையில் இல்லை. பதினோரு அத்தியாயத்தில் எங்குமே இல்லை. எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவும், கதவுக்குள் அவளும் இருப்பது நினைவுக்கு வந்தது. இரண்டு அடி இடது பக்கமாக நகர்ந்து, உள்ளே இருப்பவளுக்குத் தெரு தெரியாதபடி நின்றுகொண்டேன்.

தெருமுனை சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. அவர் ஒரு காலை ஊன்றி நின்றார். நின்றவர் கழுத்தைத் திருப்பி, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் திரும்பினார், மறுபடி பார்த்தார். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஓர் ஆட்டோ ஒலி எழுப்பியது, அதற்குப் பின்னால் ஒரு லாரியும், பிறகு எல்லோரும். அவர் போகவில்லை. கழுத்தைத் திருப்பியபடி, ஒரு கால் தரையில் இருக்க, அத்தனை சத்தத்துக்கும் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.