சனிக்கிழமை கேஷ்பேக்

பதினாறு வருடம் வீட்டோடு இருந்த சிவசங்கரி, போன வருடம் நெல்லித்தோப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முன் படித்த லேப் டெக்னீஷியன் படிப்பின் சான்றிதழ் பீரோவில் சும்மா கிடந்தது. மகள் கார்குழலி ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு போனாள். ஒரே நேர்காணலில் வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்த சில நாளில், சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள்; எந்த வங்கி என்பது அவரவர் விருப்பம்.

அவள் புருஷன் ராஜவேல் அதே ஊரில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மனைவி வேலைக்குப் போவதில் அவனுக்குப் பெருமைதான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். ஆனால் கணக்கு எங்கே தொடங்குவது என்பதை அவன் மனதுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டான். அவனுடைய அரசு வங்கியில், அவனோடு சேர்த்து, கூட்டுக் கணக்கு. மெசேஜ் எல்லாம் அவன் போனுக்கு வரும். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

சிவசங்கரி மறுத்துப் பேசவில்லை. விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். ஒரு வாரம் விசாரித்தாள். லேபில் கூட வேலை செய்யும் பெண்களைக் கேட்டாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வங்கிகளுக்குப் போன் போட்டாள். ஒரு வங்கியில் டெபிட் கார்டுக்கு வருடக் கட்டணம் கொள்ளையாக இருந்தது. இன்னொன்றில் செலவு செய்தால் பணம் திரும்பி வராது, புள்ளிகள்தான் வரும், அதை வைத்து அவர்கள் காட்டும் பையையோ பிளாஸ்கையோ வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது ஒரு தனியார் வங்கி. சம்பளக் கணக்கு என்பதால் குறைந்தபட்ச இருப்புத் தொல்லை கிடையாது. கார்டைத் தேய்த்தால் ஒரு பங்கு பணமாகவே கணக்குக்குத் திரும்பி வரும். அதுதான் என்று தீர்மானித்துக்கொண்டு, கூட வருகிறீர்களா என்று ராஜவேலைக் கேட்டாள். அவன் போனான்.

வங்கியில் இவர்களை உட்காரவைத்துப் பேசிய அதிகாரியின் பெயர் முகிலன். முப்பது வயதுகூட இருக்காது. சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது. ராஜவேலுக்கு அந்தக் குழியைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

மளிகை, பெட்ரோல், மருந்து, துணிமணி, வெளியில் சாப்பாடு, இதில் எதற்கு அதிகம் கார்டு தேய்ப்பீர்கள் என்று முகிலன் கேட்டான். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு மட்டும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் திரும்பும், மற்றதற்கெல்லாம் அரை ரூபாய்தான். மளிகை என்று ராஜவேல் சொன்ன அதே நேரத்தில், "வெளியில சாப்பாடு" என்றாள் சிவசங்கரி.

ராஜவேல் திரும்பிப் பார்த்தான். அவர்கள் குடும்பமாக வெளியே சாப்பிடுவது வருடத்துக்கு இரண்டு தடவை, அதுவும் கார்குழலி அழுது அடம்பிடித்தால். முகிலன் சிரித்தபடி, எல்லாரும் யோசிக்காமல் மளிகை என்று போட்டுவிட்டு அப்புறம் மாற்றச் சொல்லி வருவார்கள், மேடம் தெளிவாக இருக்கிறார்கள் என்றான். சிவசங்கரியும் சிரித்தாள். பல் தெரிய, தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தாள். ராஜவேல் அந்தச் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. இப்போது அது தனக்கில்லாமல் வேறொருவனுக்குக் கிடைத்தது.

 திரும்பி ரெட்டியார்பாளையம் வந்து வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போது, இந்தக் காலத்துப் பசங்க பேசியே கணக்கு ஆரம்பிக்க வச்சிடுவானுங்க என்று மட்டும் சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் மாமனாருக்குக் காபி போட உள்ளே போனாள்.

அதன் பிறகு சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அவள் சம்பளத்தில் பாதியை மாதம் பிறந்ததும் வீட்டுச் செலவுக்கென்று அவன் கணக்குக்கு அனுப்பினாள். மீதியை அவன் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவள் போன் டிங் என்று ஒலிக்கும்போதெல்லாம் அவன் காது அந்தப் பக்கம் திரும்பியது.

ஒரு நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே போனை நீட்டினாள். போன மாதம் எழுபது ரூபாய் கேஷ்பேக் வந்திருக்கிறது என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். ராஜவேல் நல்லது என்றான். கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனக்கணக்குப் போட்டான். நூற்றுக்கு ஐந்து. அப்படியானால் எழுபதுக்கு ஆயிரத்து நானூறு. ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வெளியில் சாப்பிட்டிருக்கிறாள். தினமும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போகிறவள் எங்கே சாப்பிட்டாள், யாரோடு சாப்பிட்டாள்?

தனியாக ஒருத்தி அவ்வளவு சாப்பிட முடியாது என்று தோன்றியது. இரண்டு பேர் என்றால் சரியாக வந்தது. இரண்டாவது ஆளுக்குக் கன்னத்தில் குழி விழுந்தது.

அன்று குழாய் வரும் மெஷினில் அளவு தப்பி ஒரு கட்டு வீணானது. அவன் கவனிக்கவில்லை. மேனேஜர், யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், வந்து பக்கத்தில் நின்று, உடம்பு சரியில்லையா ராஜவேல் என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றான்.

சிவசங்கரியிடம் நேராகக் கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்வாள் என்று பயந்தானா, உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயந்தானா, அவனுக்கே தெரியவில்லை. அவள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டால் ஏன் என்று யோசித்தான். பூ வைக்காமல் போனால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, ஏதோ சந்தேகம் கேட்பதுபோல் அந்த வங்கிக்கே போய் முகிலனைப் பார்த்தான். முகிலன் அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அது நடிப்பு என்று ராஜவேல் முடிவு செய்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில், வேறு குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு லேபுக்குப் போன் போட்டு சிவசங்கரி இருக்கிறாரா என்று கேட்டான். சனிக்கிழமை அவங்களுக்கு ஒன்றரையோடு டியூட்டி முடிஞ்சிடும் சார் என்றது எதிர்முனை. அன்று சிவசங்கரி வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. லேபில் கூட்டமா என்று கேட்டான். ம் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கம்பெனி நண்பன் பாவாடையின் பைக்கைக் கடன் வாங்கிக்கொண்டு நெல்லித்தோப்பில் காத்திருந்தான். சிவசங்கரி வெளியே வந்தாள், ஸ்கூட்டியை எடுத்தாள், வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடல் பக்கம் போனாள். பெரிய மார்க்கெட் தாண்டி, கால்வாய் தாண்டி, பிரெஞ்சுக்காரர் காலத்து சுஃப்ரேன் வீதியில் ஒரு பழைய வீட்டின் முன் நிறுத்தினாள். வீட்டின் கீழ்ப்பகுதியைக் காபிக் கடையாக மாற்றியிருந்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோரம் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அவள் போய் ஒன்றில் உட்கார்ந்தாள். இன்னொன்று காலியாக இருந்தது.

ராஜவேல் எதிர்ச்சாரியில் ஒரு வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அந்த நாற்காலிக்கு ஆள் வரட்டும் என்று காத்திருந்தான். வந்ததும் உள்ளே போய் என்ன பேச வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவனிடம் தயாராக இருந்தது.

கடைக்காரப் பெண்மணி, கழுத்தில் சிலுவை தொங்க, ஒரு தட்டில் பிறை மாதிரி வளைந்த பன்னும் ஒரு கோப்பைக் காபியும் கொண்டுவந்து வைத்தாள். சிவசங்கரி அவளிடம் ஏதோ சொன்னாள், அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அப்புறம் சிவசங்கரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை நாற்காலியில் மடித்துப் போட்டுக்கொண்டாள். பன்னைப் பிய்த்துப் பிய்த்து, ஒவ்வொரு துண்டாகத் தின்றாள். போனைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்க்கவில்லை. தெருவில் போன ஒரு நாயைப் பார்த்தாள், சைக்கிளில் போன வெள்ளைக்காரக் கிழவனைப் பார்த்தாள். காபி ஆறிப்போகும் அளவுக்கு நேரம் எடுத்துக் குடித்தாள். யாரும் வரவில்லை.

வெயில் ராஜவேலின் பிடரியைச் சுட்டது. யாராவது வந்து தொலைத்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. ஆள் வராமல் போகப் போக அவனுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முகத்தில் அவன் அறியாத ஒரு நிறைவு இருந்தது. வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது இருந்ததில்லை. இப்போது யாருமே இல்லாமல், அவன் இல்லாமல், அது தானாக வந்திருந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

"வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள் சிவசங்கரி. ஜன்னலில் அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் நாற்காலியிலிருந்து காலை இறக்கிச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டாள். அவன் அதைக் கவனித்தான்.

"யாரைத் தேடி வந்தீங்க?"

லேப் ஒன்றரைக்கே முடிந்துவிடுகிறதாமே, என்னிடம் சொல்லவே இல்லையே என்றான்.

"சொல்லியிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க? வர்ற வழியில அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக்கினு வந்துடு, கரண்ட் பில்லக் கட்டிடு, பாப்பாவ டியூஷன்ல வுட்டுடுன்னு சொல்லியிருப்பீங்க. அதெல்லாம் நான் வேற நாள்ல செய்யறேன். வீட்ல ஒரு காபி குடிக்கணும்னா நாலு டம்ளர் வைக்கணும். இங்க ஒண்ணு போதும்."

"தனியாவா வர்ற?"

"தனியா இருக்கத்தான் வர்றேன்."

அதோடு அவன் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அந்த பேங்க்கு பையன், முகிலன்..." என்று இழுத்தான்.

சிவசங்கரிக்கு முதலில் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். புரிந்ததும் முகம் சட்டென்று சுண்டிப்போனது. 

"அவன் பேரே எனக்கு மறந்துபோச்சி" என்றாள். "உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கு."

அவனுக்கும் ஒரு காபி வந்தது. அதன் ருசி அவனுக்குத் தெரியவில்லை. பில் வந்ததும் பர்ஸை எடுத்தான். அவள் அவன் கையை விலக்கிவிட்டுத் தன் கார்டை நீட்டினாள். கடைக்காரப் பெண்மணி மெஷினைக் கொண்டுவந்து, வழக்கமாக ஒரு காபிதானே, இன்றைக்கு விருந்தாளியா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். வீட்டுக்காரர் என்றாள் சிவசங்கரி. அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

வெளியே வந்து வண்டி எடுக்கும்போது, அடுத்த வாரம் நானும் வரட்டுமா என்று கேட்டான். கெஞ்சுவதுபோல் ஆகிவிட்டது குரல்.

"ஞாயித்துக்கிழமை எங்க வேணாலும் கூப்புடுங்க, வர்றேன்" என்றாள் அவள். "சனிக்கிழமை வேணாம்."

நாலைந்து நாள் அவள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சாப்பாடு போட்டாள், சட்டை தேய்த்தாள், முகம் மட்டும் கொடுக்கவில்லை. சந்தேகப்பட்டது தப்புதான் என்று ராஜவேல் ஒரு காலையில், அவள் தோசை வார்க்கும்போது, முதுகைப் பார்த்துச் சொன்னான். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, சரி என்றாள். அந்தச் சரியில் எவ்வளவு மன்னிப்பு இருந்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் எரிச்சல் தணியவில்லை. முன்பு முகிலனை நினைத்தால் கை முஷ்டி மடங்கும். இப்போது அதுவும் இல்லை. ஒரு ஜன்னலோடு எப்படிச் சண்டை போடுவது, ஒரு கோப்பைக் காபியை எந்த வார்த்தையால் திட்டுவது? தான் இல்லாத இடத்தில்தான் தன் மனைவி சந்தோஷமாக இருக்கிறாள் என்பதை யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியாது. பாவாடையிடம் சொல்லிப் பார்த்தான். ஒரு காபிதானேப்பா என்றான் அவன்.

சனிக்கிழமை வந்தது. ராஜவேலுக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீட்டில் இருந்தான். அப்பா கலியபெருமாள் வந்து சமையலறை வாசலில் நின்று, சங்கரி இன்னும் வரலியா, காபி என்றார். அவன் அடுப்பைப் பற்றவைத்தான். பாலுக்கும் டிகாஷனுக்கும் அளவு தெரியாமல் இரண்டு தடவை சரிசெய்தான். குடித்துப் பார்த்த அப்பா இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்டார். கார்குழலி, இது காபியாப்பா என்றாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அவன் இருந்தான், பார்த்தான்.

நாலரைக்கு சிவசங்கரி வந்தாள். கழுவாத பால் பாத்திரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் முருங்கைக்கீரையை ஆய உட்கார்ந்தாள். கார்குழலி பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். கீரையை உருவிக்கொண்டே, இன்றைக்கு ஒரு கல்யாண ஜோடி அந்தத் தெருவுக்குப் படம் எடுக்க வந்ததென்று சிவசங்கரி ஆரம்பித்தாள். மாப்பிள்ளை ஒல்லி, பெண் கொஞ்சம் பூசினாற்போல. கேமராக்காரன் பெண்ணைத் தூக்கச் சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை மூன்று தடவை முயன்று முடியாமல், கடைசியில் பெண் அவனை ஓரமாக நகர்த்திவிட்டு, அவனை அலாக்காகத் தூக்கிவிட்டாளாம். தெருவே கைதட்டியதாம். சொல்லும்போதே சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்து பேச்சு நின்றது. பல் தெரிய, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கார்குழலி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராஜவேல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவும் அங்கே நடந்திருக்கிறது. அவன் இங்கே பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்தச் சிரிப்பை அவள் முதலில் அங்கே சிரித்து முடித்துவிட்டு, மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவன் வந்து, கீரைக் கட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தான். ஒரு கொத்தை எடுத்து அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து உருவத் தொடங்கினான்.

"அப்புறம்?" என்று கேட்டான்.