சொட்டு நிற்கும் வால்வு

எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் ஓடிப்போய் நிறுத்துகிற பிளம்பரிடம், "இது மட்டும் சொட்டிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியூர் பயிற்சிக்குப் போய்விட்டாள் மனைவி. நல்ல ஆளாகப் பார்த்துத்தான் ஒப்படைத்தாள், போங்கள்!

கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டி அவளுடையது. அதில் கிளைவிட்டு நின்ற ஊதாப் பவளத்தை ஆறு வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்த்து வந்தாள். பவளம் வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதைக் கொடுக்கிற கால்சியம் ரியாக்டரை வாங்கியவள், மாட்ட நேரமில்லாமல் அந்த வேலையைப் புருஷன் தலையில் கட்டிவிட்டாள்.

மாட்டுவதெல்லாம் அவனுக்கு ஒரு வேலையா? ரியாக்டரின் உருளைக்குள் பவளக்கல் துண்டுகளைக் கொட்டினான். சிலிண்டரிலிருந்து சோடாவில் அடைக்கிற கேஸ் குமிழ் குமிழாக உள்ளே போனது. கேஸ் கலந்தால் தண்ணீர் புளிக்கும், புளித்த தண்ணீரில் கல் கரையும், கரைந்தது சின்ன வால்வு வழியாகத் தொட்டிக்குள் சொட்டும். சொட்டவும் செய்தது. திருப்தியாகத் தூங்கப் போனான்.

காலையில் பார்த்தால் சொட்டு நின்றிருந்தது. கல்தூள் அடைத்திருக்கும் என்று கழற்றிக் கழுவினான். அடைப்பே இல்லை. திறந்துவிட்டான், சொட்டியது. வேலை முடிந்து வந்தால் மறுபடியும் நின்றிருந்தது. வால்வை மாற்றினான், பம்பை மாற்றினான், ஊஹூம். குழாயோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இந்தச் சுண்டுவிரல் குழாய் மட்டும் பிடிபடவில்லை. இதற்குள் பவளத்தின் அடிக்கிளைகள் வெளுத்துத் தோல் உரிய ஆரம்பித்தன. மனைவிக்குப் போன் போட்டான்.

"வால்வு தானா மூடிக்காதுங்க" என்றாள் மனைவி போனில், அழுகிற குரலில். "யாரோ மூடுறாங்க. அது செத்துப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

வீட்டில் வேறு யார்? மாமியார்தான்.

"அத்தை, அந்த வால்வைத் தொட்டீங்களா?"

"அய்யய்யோ, நான் எதுக்கு மாப்பிள்ளை தொடப்போறேன்? அந்த சிலிண்டரைப் பார்த்தாலே எனக்குப் பயம்."

அவன் நம்பவில்லை. "இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான். மாமியாரின் முகம் சுருங்கியது. அன்றிலிருந்து அவர் சமையலறையை விட்டுக் கூடத்துக்கு வரவில்லை. ஆனால் சொட்டு மட்டும் நின்றுகொண்டேதான் இருந்தது. தலையும் புரியாமல் வாலும் புரியாமல் மண்டை காய்ந்தது அவனுக்கு. வீம்பு மட்டும் குறையவில்லை.

அடுத்த முறை மனைவி கூப்பிட்டபோது தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பேசினான். "இப்பதான் திறந்துவிட்டேன், ஜோரா சொட்டுது. உங்க அம்மாகிட்ட நீயே சொல்லிடு. அவங்கதான் மூடுறாங்க. சத்தியமா நான் அதுமேல கையே வைக்கல..."

சமையலறையிலிருந்து விறுவிறுவென்று வந்த மாமியார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

குனிந்து பார்த்தான். அவன் விரல்கள் வால்வை இறுக்கி மூடியிருந்தன. எந்தக் குழாயைக் கடந்தாலும் இறுக்கிவிட்டுப் போகிற கை, இத்தனை நாளும் அவனைக் கேட்காமலே இதையும் இறுக்கியிருக்கிறது.

"ஹலோ? என்னாச்சுங்க?"

"நான்தாம்மா" என்றான். "நான்தான் மூடியிருக்கேன். அத்தையைப் போய் சொன்னேனே... அத்தை, என்னை மன்னிச்சுடுங்க."

மாமியார் கையை விடவில்லை. "நுனியெல்லாம் இன்னும் ஊதாவா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"இருக்கு."

"அப்ப ஒடிச்சுக் கல்லுல ஒட்டிப் பொழைக்க வெச்சுக்கலாம். நீங்க ஒட்டாதீங்க. அம்மா ஒட்டட்டும்."

மாமியார் பயந்துகொண்டே வால்வைத் திறந்தார். சொட்டு விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கை நமநமவென்றது. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, அத்தை பவளம் ஒட்டுவதைப் பார்த்தபடி நின்றான்.