ராஜாக்கள் வந்த பாலம்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவளாக இருந்திருந்தால் எங்கள் வீட்டில் யாரும் பாலம் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஐம்பத்து நாலாம் வருஷம், நவம்பர் மாதத்து ஞாயிறு. பூசை முடிந்து ஹட்டன் கோயில் வாசலில் கபிரியேல் சாமியாரை மறித்துக்கொண்டு நின்றேன். சாமியார் யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் பங்குக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் மூணுகல் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அதுவரை ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை.

"சாமி, எங்க வீட்டுக்காரரு தங்கச்சி மரியநாயகி கொழுந்துக் கூடையோட விழுந்து இடுப்பு ஒடஞ்சவ. நடக்க முடியாது. பூசை கண்டு மூணு வருஷமாச்சு. இந்த நத்தாரை ஒட்டியாவது எங்க லயத்துல ஒரு பூசை வைங்க" என்றேன்.

"நான் வரமாட்டன் எண்டு சொல்லேல்லைப் பிள்ளை. உங்கட தோட்டத்துக்கு வழி எங்க இருக்கு? அந்த றெயில் பாலத்தாலதானே வரவேணும்?"

அது உண்மைதான். வண்டிப் பாதை மண்சரிவில் போய் ஏழு வருஷம். தோட்டத்து லொறி பதினாலு மைல் சுற்றிப் போகும். துரை அதைத் தேயிலைக்குத் தருவாரே ஒழிய பூசைக்குத் தர மாட்டார். கால்நடையாகப் போகிறவர்களுக்கு றொசல்லப் பக்கத்துப் பாலம் ஒன்றுதான். கீழே ஆறு, மேலே தண்டவாளம், நடுவில் சிலிப்பர் கட்டைகள். கட்டைகளுக்கு இடையில் ஆறு தெரியும்.

"அவ்வளவு நீளப் பாலம். நடுவில நிக்கேக்க கோச்சி வந்தால் எங்க ஒதுங்கிறது?"

"ஒதுங்க மூணு மேடை இருக்கு சாமி. பாலத்துக்குப் பக்கத்துலயே கம்பியெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க."

"நான் காணேல்லையே."

"வந்து பாத்தாத்தானே காணுவீங்க!"

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல. வாசலில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் பத்திநாதன் என் குடையைப் பிடித்து இழுத்தார். சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

வீடு வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன், அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். நாளெல்லாம் சுத்தியல் சத்தம் கேட்டுக் கேட்டு, பேச்சு என்றால் அவருக்கு அளவாகத்தான் வரும். பாலத்தைத் தாண்டிய பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவரு பாலத்தைப் பாக்க வர மாட்டாருன்னா, பாலத்தை நாம அவருக்கிட்ட கொண்டுபோவோம்."

கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முந்திய ஞாயிறு ஒவ்வொரு தோட்டத்துக் கத்தோலிக்கரும் ஒரு பாலன் குடில் செய்து பங்கு மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல குடிலுக்குப் பரிசு உண்டு. எங்கள் தோட்டத்தில் பதினொரு குடும்பம். ஒவ்வொரு வருஷமும் வைக்கோலும் பாசியும் வைத்து என்னவோ ஒன்று கொண்டுபோவோம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த வருஷம் குடிலுக்கு முன்னால் எங்கள் பாலம் நிற்கும், அளவு பிசகாமல், மூன்று மேடையோடும் நிற்கும் என்று அவர் சொன்னதும் எனக்குக் கோபமெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

மறுநாளே வேலை தொடங்கியது. உடைந்த தேயிலைப் பெட்டிகளின் சட்டங்களைக் கேட்டு வாங்கி வந்து சன்னமாகச் சீவினார். பெட்டிக்கு உள்ளே விரிக்கும் ஈயத்தாள்தான் எங்களுக்கு இரும்புத் தகடு. அதை மரியநாயகி மடியில் பலகை வைத்து விரித்து, முனை மழுங்கிய ஆணியால் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாக அழுத்துவாள். முன்பக்கம் திருப்பினால் அசல் பாலத்தின் றிவெட் வரிசை. இடுப்பு ஒடிந்தவள் என்று யாரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். அவள் வாய் என் வாய்க்கு ஒரு படி மேல்.

அளவு எடுத்தது நான். பாலத்தில் டேப் பிடித்து நின்றால் தண்டவாளம் பார்க்கும் கேங்காரர்கள் விரட்டுவார்கள். எங்கள் சனம் றெயில் பாதையில் தூரம் பார்ப்பது சிலிப்பர் கட்டையை வைத்துத்தான். கட்டைக்குக் கட்டை இரண்டரை அடி, எங்களுக்கு ஓர் எட்டு. அது குழந்தைக்கும் தெரியும். போகும்போது எண்ணினேன், வரும்போது எண்ணினேன், நூற்றிருபது கட்டை. அப்படியானால் முந்நூறு அடி. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்குப் போட்டு, ஆறேகால் அடி நீளத்துக்கு அவர் பாலத்தை நிறுத்தினார்.

நிறுத்திய பிறகு மூன்று பேரும் பார்த்தோம். தூணின் உயரம் சரி, பக்கத்துச் சட்டங்களின் எண்ணிக்கை சரி. ஆனாலும் பாலம் எங்கள் பாலம் மாதிரி இல்லை.

"என்னா மதினி இது, பாலமா பாம்பா?" என்றாள் மரியநாயகி.

"அண்ணனும் தங்கச்சியுமா சேந்து என்னைத்தான் சொல்றீங்க. நான் ரெண்டு தடவை எண்ணுனேன்!"

"எண்ணுனீங்க, எண்ணுனீங்க. இந்த நீளத்தைப் பாத்தா சாமியாரு என்னா, நானே அந்தப் பக்கம் போக மாட்டேன்."

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மேடைக்கும் மேடைக்கும் நடுவில் அவ்வளவு தூரம். கோச்சி வந்தால் ஓடித் தப்பவே முடியாது போல இருந்தது. இதைக் கொண்டுபோய்ச் சாமியாருக்கு முன்னால் வைத்தால், அவர் சொன்னதை நானே நிரூபித்த மாதிரி ஆகிவிடும். ஆத்திரத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெயின்ட் வாங்க ஹட்டனுக்குப் போனேன். பைஸர் நானாவின் கடையில் ஆணி முதல் கூரைத் தகரம் வரை எல்லாம் இருக்கும்.

"பாலத்துக்குப் பெயின்டா? கவர்மெண்டுல ஒங்களுக்குக் கொந்துராத்து வேல குடுத்துட்டாங்களா தங்கச்சி?" என்று சிரித்தார். ஆனாலும் மனுஷன் வேலை தெரிந்தவர். "இரும்புக்கு மொதல்ல செவப்பு அடிக்கணும். அது காஞ்ச பொறகுதான் வெள்ளி. செவப்பு அடிக்காம வெள்ளி அடிச்சா அது கள்ளப் பாலம்" என்று சொல்லி இரண்டு சின்ன டின் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மரியநாயகி சொன்ன பேச்சையே நினைத்துக்கொண்டு, மனதுக்குள் அவளோடு சண்டை போட்டபடி பாலத்தில் ஏறினேன். எப்போதும் பாலத்தில் ஏறினால் எனக்குப் பயத்தில் நடை குறுகிவிடும்; எல்லோருக்கும் அப்படித்தான். அன்றைக்கு இருந்த கோபத்தில் பயம் மறந்துபோய், தரையில் நடக்கிற மாதிரி வீசி எட்டு வைத்தேன். கால் கட்டையில் விழவில்லை. கட்டையைத் தாண்டி, இடைவெளியில் முழங்கால் வரை இறங்கிவிட்டது.

அம்மாடி! ஒரு கையில் டின், ஒரு கையில் குடை, கீழே ஆறு. மாதாவே என்று கத்திக்கொண்டு காலை இழுத்து எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. பாலத்தில் என் நடை குறுகியது பயத்தால் அல்ல. கட்டைகளே நெருக்கமாகத்தான் கிடக்கின்றன! குடையை நீட்டி வைத்துப் பார்த்தேன். மூன்றடிக் குடை, இரண்டு இடைவெளி. அப்படியானால் கட்டைக்குக் கட்டை ஒன்றரை அடிதான். இத்தனை வருஷம் இந்தப் பாலத்தில் நடந்தும், பயம் பயம் என்று நினைத்துக்கொண்டே நடந்திருக்கிறேனே!

லயத்து வாசலில் இருந்தே கத்தினேன்.

"இந்தாங்க! முந்நூறு இல்ல, நூத்தி எம்பது! தப்பு என்னுது!"

மரியநாயகி கையில் இருந்த ஆணியைக் கீழே போட்டாள். "அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா? மதினி தப்புன்னு சொன்னாங்க. இன்னிக்கித் தேதியைக் குறிச்சு வைங்க."

எனக்கு அவள் முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஆனால் அவள் ஈயத்தாள் முழுவதையும் மறுபடி அழுத்த வேண்டும். பாவம், ஆயிரத்துக்கு மேல் புள்ளி. எட்டு நாள்தான் மிச்சம். வீட்டுக்காரர் மரம் அறுக்கும் வாளை எடுத்தார், ஆறேகால் அடிப் பாலத்தை அறுத்துப் பிரித்தார். மூன்றே முக்கால் அடியில் புதிதாக நிறுத்தியபோது, "ஆ, இது நம்ம பாலம்" என்று மூன்று பேர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது. மேடைக்கு மேடை முப்பது கட்டை. பக்கத்தில் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருப்பது போல இருந்தது.

பெயின்ட் அடித்தது நான். என் தலைமயிரின் நுனியை வெட்டிக் குச்சியில் கட்டித் தூரிகை செய்தேன். முதலில் சிவப்பு. யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை, ஆனாலும் கள்ளப் பாலம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. இரண்டு நாள் காயவிட்டு வெள்ளி. றிவெட்டின் குமிழ்கள் அழுந்திவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். அடித் தூண்களில் பாசிப் பச்சை, தண்ணீர் வடியும் மூலைகளில் துருக் கறை. கடைசியாக மேடைக் கம்பிகள். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது, அடேயப்பா, கண் நிறைந்துவிட்டது. நாங்கள் செய்ததா இது என்று இருந்தது.

ஞாயிறு காலை அவரும் நானும் ஆளுக்கொரு முனையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாலத்தை இந்தப் பாலத்தின்மேல் தூக்கிக்கொண்டு போனோம்.

பங்கு மண்டபத்தில் ஒன்பது குடில். பக்கத்துத் தோட்டத்தார் பற்றரி வைத்துக் கலர் பல்ப் எரியவிட்டிருந்தார்கள், சனமெல்லாம் அங்கேதான். எங்கள் குடிலில் பாலன் ஒரு சின்ன லயத்து வாசலில் கிடந்தார். பாலத்தின் மேல் மூன்று ராஜாக்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு ராஜா மட்டும் கோச்சிக்கு ஒதுங்கி மேடையில் நின்றார். அது மரியநாயகியின் யோசனை.

கபிரியேல் சாமியார் வந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்ன அந்தோனியம்மா? மூண்டு ராசாக்களும் றெயில் பாலத்தாலயோ வந்தவை?"

"பாலன் எங்க லயத்துல பொறந்திருந்தா அவங்களுக்கும் இதுதான் சாமி வழி" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நானா விடுவேன்? "ராஜாக்களே வந்துட்டாங்க. நீங்கதான் இன்னும் வரல."

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். சாமியார் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

நல்லவேளை, நடுவராக வந்த டி மெல் ஐயா குறுக்கே வந்தார். சிங்களவர், றெயில் பாதை இன்ஸ்பெக்டர்; இந்தப் பாலமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. குனிந்தவர் நிமிரவே இல்லை. சட்டைப் பையிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்தார். நீளம் பார்த்தார், தூண் பார்த்தார், விரலால் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் வியந்தார். "ஃபாதர், இது நம்ம பாலம்! நூத்தி இருவது கட்டை, சரி. பாலத்து மேல கட்டை கிட்டக் கிட்டப் போடுறது. அது மிச்சம் ஆளுக்குத் தெரியாது. இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

சாமியார் மெல்லக் குனிந்தார். மேடையில் நின்ற ராஜாவை விரலால் தொட்டார். "இந்த மேடையள் உண்மையா அங்க இருக்கோ?"

"இருக்கு ஃபாதர். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நாப்பத்தஞ்சு அடி. இந்த ஹோல் நீளம்கூட இல்ல."

சாமியார் நிமிர்ந்து மண்டபத்தின் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குப் பயம் அந்தோனியம்மா. அதுதான் உண்மை. வழி இல்லை, ஒதுங்க இடமில்லை எண்டு சொன்னதெல்லாம் சாட்டு" என்றார், அத்தனை பேருக்கு முன்னால்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது எனக்குப் புதிது.

"முதலாம் திகதி வாங்க ஃபாதர்" என்றார் டி மெல் ஐயா. "கோச்சி இல்லாத நேரம் நான் சொல்றேன். ரெண்டு பக்கமும் கொடியோட ஆள் நிக்கும்."

முதல் பரிசு கலர் பல்புக்குத்தான் போனது. மற்ற இரண்டு நடுவர்களுக்கும் பல்புதான் பிடித்ததாம். பொய் சொல்ல மாட்டேன், வயிறு எரிந்தது. ஆனால் வீட்டுக்குப் போய், "வர்றாரு!" என்று சொன்னபோது மரியநாயகி முகத்தைப் பார்த்தேனே, அதற்குப் பிறகு எந்தப் பரிசும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புது வருஷத்தன்று காலை ஏழு மணிக்குச் சாமியார் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். இரண்டு பக்கமும் கேங்காரர்கள் சிவப்புக் கொடியோடு நின்றார்கள். பூசைப் பெட்டியை என் வீட்டுக்காரர் தலையில் வைத்துக்கொண்டார். நான் முன்னால் நடந்தேன்.

"சாமி, கீழ பாக்காதீங்க. என் முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க. சின்னச் சின்ன எட்டா வைங்க."

பின்னால் அருள்நிறை மந்திரம் கேட்டுக்கொண்டே வந்தது. முதல் மேடையில் நின்றார், இரண்டாவதிலும் நின்றார், மூன்றாவதில் நிற்கவில்லை. அக்கரையில் தோட்டமே திரண்டிருந்தது. கத்தோலிக்கர் பதினொரு குடும்பம்தான், ஆனால் நின்றது மொத்த லயமும். சாமியாரின் செருப்பு மண்ணில் பட்டதும் எங்கள் லயத்துச் செல்லசாமி தப்பை எடுத்து முழக்கினான் பாருங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

மரியநாயகியை நாற்காலியோடு தூக்கி வந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் முன்வரிசையில் வைத்திருந்தார்கள். சாமியார் நேரே அவளிடம்தான் போனார்.

"இவ்வளவு காலமும் வராமல் விட்டதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை."

"மன்னிச்சாச்சு சாமி" என்றாள் அவள். கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. வாய் மட்டும் அடங்கவில்லை. "மொதல்ல என் பாவசங்கீர்த்தனத்தைக் கேளுங்க. மூணு வருஷத்துப் பாவம் சேந்து கெடக்கு. முக்காவாசி மதினியைத் திட்டுனதுதான்."

சனம் சிரித்தது, நானும் சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன். எல்லோரும் விலகி நின்றோம். சாமியார் அவள் பக்கத்தில் குந்தி, காதைக் கொடுத்துக் கேட்டார். முடிந்ததும் எழுந்து உடுப்பு மாற்றிக்கொண்டு, பெட்டிக்குள்ளிருந்து கைமணியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எங்கள் தோட்டத்தில் பூசைக்கு முதன்முதலாக மணி அடித்தது அன்றைக்குத்தான். அடித்தது நான்.