நிலாவில் பனிமூட்டம்

மஹய்யாவயில் உள்ள வீட்டின் பின்புறத்தில் துணி காயப்போடும் சிமெந்துத் தளம்தான் அழகமுத்து நிலா பார்க்கும் இடம். மாநகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், பேராதனையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து சின்னத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிவந்தார். முதல் வருஷம் அதைக் கொண்டாடினார். அடுத்த வருஷம் அதையே திட்டத் தொடங்கினார்.

"லென்ஸ்ல பூஞ்சணம் புடிச்சிருச்சு ராஜி. நிலாவுல உள்ள பள்ளமெல்லாம் பனிமூட்டத்துக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு," என்று மனைவியிடம் குறைப்பட்டார்.

அலவத்துகொடயில் கெமரா திருத்தும் நளீர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, லென்ஸில் ஒரு குறையும் இல்லையென்றார். அழகமுத்து நம்பவில்லை. யாருக்காவது கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தார்.

இதற்கிடையில் அவர் மனைவி இராஜகுமாரிக்கு இடது கண்ணில் புரை நீக்கும் ஒப்பரேஷன் நடந்தது. நடுங்கிப்போயிருந்தவளுக்கு அவர்தான் தைரியம் சொல்லி உள்ளே அனுப்பினார். வலது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அன்று பொழுது சாய்ந்ததும் அரைநிலா உச்சியில் பளிச்சென்று நின்றது.

"யாருக்கும் குடுக்கப் பெட்டியில வைக்க முன்ன ஒருக்கா நீயும் பாத்துரு," என்றார் அழகமுத்து.

இராஜகுமாரி கதிரையில் உட்கார்ந்து, ஒப்பரேஷன் செய்த புதுக் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தாள். வெளிச்சமும் இருளும் சேரும் ஓரத்தில் பள்ளங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. உயர்ந்த விளிம்புகளின் உள்ளே மை போன்ற நிழல். மலைத்தொடர் ஒன்று வளைந்துபோய் இருட்டில் முடிந்தது.

"அந்த இருட்டுக்குள்ள தனியா ஒரு புள்ளி மினுங்குதே, அது என்னங்க?"

அவர் குனிந்து வெகுநேரம் தேடினார். "மலை உச்சியா இருக்கும். அடிவாரத்துல இன்னும் விடிஞ்சிருக்காது, உச்சியில மட்டும் வெயில் பட்டிருக்கும். முந்தி பாத்திருக்கேன். இப்ப எனக்கு ஒண்ணும் தெரியலயே."

அவள் மறுபடி பார்த்தாள். புள்ளி அங்கேயே இருந்தது. என்னவோ தோன்ற, வலது கண்ணை வைத்தாள். நிலா பழுப்பேறி மங்கிப்போனது. புள்ளியைக் காணவில்லை.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க எப்பவும் எந்தக் கண்ணால பாப்பீங்க?"

"வலது கண்ணாலதான். ஏன்?"

"மத்தக் கண்ணால பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே, கழுத்தை ஒருமாதிரி திருப்பி இடது கண்ணை வைத்தார். முணுமுணுப்பு பாதியில் நின்றது. கீழே ரோட்டில் ஒரு பஸ் முனகிக்கொண்டு மேடேறியது.

"தெரியுது," என்றார் மெதுவாக. "அந்தப் புள்ளியும் தெரியுது."

"லென்ஸ்ல ஒண்ணுமில்லங்க."

நிலா நகர்ந்து தொலைநோக்கியின் வட்டத்தை விட்டுப் போய்விட்டது. அவர் அதைத் தேடவில்லை.

"அப்ப எனக்கும் ஒப்பரேஷனா?"

அந்தக் குரலில் இருந்த பயம் ஒரு மாதத்துக்கு முன்பு அவளுக்கும் இருந்ததுதான். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டாள்.

"நோவாது. வியாழக்கிழமை எனக்கு கிளினிக் இருக்கு. ரெண்டு பேருமே போவோம்."

வியாழக்கிழமை டொக்டர் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரைதான் என்றார். திரும்பி வரும் வழியில், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒப்பரேஷனுக்கு முன்பு விடும் சொட்டு மருந்து எரியுமா என்று கேட்டார் அழகமுத்து.

"மொத சொட்டு கொஞ்சம் எரியும்," என்று உள்ளதைச் சொன்னாள் இராஜகுமாரி. அவர் தலையாட்டிக்கொண்டு அவளுடைய பையை வாங்கிக்கொண்டார்.