ஐஸ் கிடந்த தண்ணீர்

கேனை மண்ணிலிருந்து உருவி எடுத்தபோதே லோர்னாவுக்கு ஏதோ உறுத்தியது. சைக்கிள் பயணத்துக்காக முன்கூட்டியே வழியில் புதைத்துவைத்து, மூன்று வாரமாக நெவாடா பாலைவன மண்ணுக்குள் கிடக்கும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் வாடையோடு, வேண்டாவெறுப்பாகத் தொண்டையில் இறங்கும். இந்தக் கேன் விரலில் சில்லிட்டது. அவள் பெயரும், புதைத்த தேதியும் கறுப்பு மையில் எழுதியபடிதான் இருந்தன. மூடியைத் திருகி வாயில் சாய்த்தாள். பல்லில் ஏதோ இடித்தது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால், நகக்கண் அளவுக்கு ஒரு ஐஸ் துண்டு.

காலை ஒன்பதரை மணி. மாடு தாண்டாமலிருக்க ரோட்டின் குறுக்கே இரும்புக் கம்பி பதித்திருந்த இடம் அது. சுற்றிலும் சாம்பல் நிறப் புதர்கள், அதற்கப்பால் மலை, மலைக்கப்பால் இன்னொரு மலை. பக்கத்து ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கும் என்று கேட்டால் முப்பது மைல் தள்ளித்தான் கை காட்டவேண்டும். மாக்சின் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு மூக்கில் வெள்ளையாகக் களிம்பு அப்பிக்கொண்டிருந்தாள். ஹோய்ட் உப்புக்கண்டத்தை மென்றுகொண்டே சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"ஹோய்ட், இங்க வா. கைய நீட்டு."

"காலையிலேயே என்ன லோர்னா, ஜோசியமா?"

அவன் உள்ளங்கையில் ஐஸை வைத்தாள். முப்பது வருடம் நெடுஞ்சாலைத் துறையில் தார் போட்ட கை. காய்ப்பு மேல் காய்ப்பாகத் தடித்துப் போயிருந்தது. ஐஸ் கரைந்து முடிகிற வரைக்கும் அவன் அதையே பார்த்தான். பிறகு மாக்சினைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையே போதுமாயிருந்தது. லோர்னாவின் காதுமடல் சூடேறியது.

"எத்தன கேன்?"

"எல்லாம் இல்ல..." என்று இழுத்தான் ஹோய்ட்.

"நான் உன்ன கேக்கல."

மாக்சின் களிம்பு டப்பாவை மூடினாள். அவசரமே இல்லை அவளுக்கு. "எல்லாந்தான்," என்றாள். "முதல் கேன்லேருந்து. வெர்ல் நமக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி டிரக்குல போறான். நாம புதைச்சதெல்லாம் பாதி ஓட்டையாயிருந்துச்சு, நரி கடிச்சு வச்சிருந்துச்சு. புதுசு வைக்கிறான். உன் பேர நான்தான் எழுதிக் குடுத்தேன், பதினாலு கேன்ல."

"ஐஸ்?"

"ஐஸ் பெட்டியிலதான் கொண்டு வர்றான். டிரக்கோட முன் கண்ணாடிகிட்ட வெயில்ல வச்சு சூடாக்கித்தான் புதைப்பான். இன்னிக்கு மறந்துட்டான்போல."

இதைக் கேட்டதும்தான் லோர்னாவுக்கு உண்மையிலேயே தலைக்கேறியது. தண்ணீர் வைத்ததோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்றிருப்பாளோ என்னவோ. தண்ணீர் பழையது மாதிரி ருசிக்கவேண்டுமென்று வெயிலில் காயவைத்திருக்கிறான் ஒரு மனுஷன்! மாக்சினின் புருஷன், சர்ச்சில் நாற்காலி அடுக்குகிறவன், ஒரு ஈயைக்கூட அடிக்க யோசிக்கிற வெர்ல்! மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவளை முட்டாளாக்குவதற்கு இத்தனை சிரத்தை எடுத்திருக்கிறார்கள்.

பதினாலு மாதத்துக்கு முன்னால், பள்ளிக்கூட பஸ்கள் நிற்கும் கொட்டகையில், சாவியைக் கையில் வைத்தபடி விழுந்தாள் லோர்னா. இதயம் நின்றுபோயிற்று. திரும்ப ஓட ஆரம்பித்தது. ஆனால் பஸ் ஓட்டும் உரிமத்துக்கு டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தாறு வருடம் எல்கோ ஊரின் பாதிப் பிள்ளைகளைப் பனியிலும் புழுதியிலும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவளை, அதற்குப் பிறகு யாரும் எதையும் தூக்க விடவில்லை. கடையில் பையைப் பிடுங்கினார்கள். படி ஏறினால் முழங்கையைப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கேட்காமலே வந்து பனி வாரினான். எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள், ஏதோ சத்தமாகப் பேசினால் மறுபடி நின்றுவிடும் என்பதுபோல. லோர்னா, மாக்சின், ஹோய்ட் மூன்று பேரும் சேர்ந்து ஏற்கெனவே சைக்கிளில் ஆறு நெடும்பயணம் போயிருக்கிறார்கள். ஏழாவது போகலாம், யூட்டா எல்லையிலிருந்து வாக்கர் ஏரி வரைக்கும், மண் ரோட்டிலேயே, பதிமூன்று நாள், என்று லோர்னாதான் ஆரம்பித்தாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். துணைக்கு எந்த வண்டியும் வரக்கூடாது. வண்டி வந்தால் நான் வரமாட்டேன். இரண்டு பேரும் சரி சரி என்று தலையை ஆட்டினார்கள். ஆட்டிய தலைகள்தான் இப்போது எதிரே நிற்கின்றன.

இன்று பதிமூன்றாவது நாள். இன்னும் அறுபது மைல்.

ஒவ்வொரு நாளாகத் திரும்பி வந்து அவளைக் குத்தியது. ஹோய்ட் மணிக்கொரு தரம் புதருக்குப் பின்னால் ஒதுங்கியபோது, பாவம், வயசாகிறது, மூத்திரப்பை சரியில்லை என்று இரக்கப்பட்டிருந்தாள். அங்கே நின்று வெர்லுக்குச் சாட்டிலைட் கருவியில் சேதி அனுப்பியிருக்கிறான் நாசமாய்ப் போகிறவன். ஏழாம் நாள் கணவாய்க்குக் கீழே ஆலங்கட்டி மழை அடித்தபோது மாக்சினுக்குக் கை விறைத்துப்போய், லோர்னாதான் தனியாளாக மூன்று கூடாரத்தையும் அடித்து நிறுத்தினாள். அன்று உள்ளே படுத்து, மேலே கல் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி சிரித்தாள். பதினாலு மாதத்தில் அப்படிச் சிரித்ததில்லை. இப்போது தெரிகிறது, இரண்டு மைலுக்கு அப்பால் டிரக்கில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வெர்ல் உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சிரிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை இவர்கள்.

லோர்னா கேனைத் தூக்கினாள். தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"ஏய்!" என்றான் ஹோய்ட். அவனை அறியாமல் கை முன்னால் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் வாய் கொப்பளிக்கும் தண்ணீரைக்கூட யோசித்துத் துப்புகிறவர்கள். கேன் லேசில் காலியாகவில்லை. குளுக் குளுக் என்று நிதானமாக இறங்கியது. மூன்று பேரும் நின்று பார்க்கவேண்டியிருந்தது. மண் குடித்துக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் மாக்சின்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பயமாருக்கு, வண்டியில்லாம நான் வரலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ தனியா கிளம்பியிருப்ப."

"ஆமா, கிளம்பியிருப்பேன்! செத்தா செத்திருப்பேன், அது என் பாடு."

மாக்சினின் முகம் மாறியது. களிம்பு பூசிய மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சிவந்துபோயிற்று.

"உன் பாடா? நீ செத்துக் கிடந்தப்ப நீ அங்க இல்லடி. நான் இருந்தேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பதினோரு நிமிஷம் உன் நெஞ்ச அமுக்கினேன். உன் விலா எலும்பு முறிஞ்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நீ எந்திரிச்சு வீட்டுக்கு வந்து, சூப்புல உப்பு இல்லன்னு சண்ட போட்ட. நான் இன்னும் அந்தத் தரையிலதான் முட்டி போட்டுக்கிட்டு கெடக்கேன். உனக்கென்ன தெரியும்?"

ஹோய்ட் குனிந்து தன் செருப்புப் பட்டையைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

லோர்னாவின் வாயில் நல்ல பதிலாக வரவில்லை. "அதுக்காக என் நெஞ்சு உன்னோடதாயிடுமா?" என்று கேட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். அவசரத்தில் கொக்கி இரண்டு தடவை நழுவியது. உதவிக்கு யாராவது கை நீட்டினால் கடித்துவிடும் வெறி இருந்தது. நல்லவேளை, யாரும் நீட்டவில்லை.

கோபத்தில் மிதித்தால் மைல் ஓடும் என்பார்கள் சைக்கிள்காரர்கள். ஓடத்தான் செய்தது. சரளைக்கல் முடிந்து தார் ரோடு வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கைப்பிடியில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் பின்னால் அரை மைல் தூரத்தில் இரண்டு புள்ளிகள். நின்றால் அவையும் நின்றன. மிதித்தால் அவையும் வந்தன. பாட்டிலில் மிச்சமிருந்த நேற்றைய தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே பத்து மைல் வந்தபிறகுதான், அதுவும் வெர்ல் புதைத்த தண்ணீர்தானே என்று உறைத்தது. சீ என்று வந்தது. ஆனாலும் குடித்தாள், தாகத்துக்கு மானம் கிடையாது. லூனிங் என்ற சின்ன ஊரில் சாலையோரக் குழாயைக் கண்டதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, துருவாடை அடித்த அந்தத் தண்ணீரை இரண்டு பாட்டிலிலும் நிரப்பிக்கொண்டாள். இதை எனக்காக யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை என்று நினைத்தபோது கண் கலங்கியது. அழுகையா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க அவள் நிற்கவில்லை.

நாலு மணிக்கு ஏரி தெரிந்தது. வறண்ட மலைகளுக்கு நடுவில் அவ்வளவு நீலம். வலப்பக்கம் மணல் கரைக்கு இறங்கும் பாதையின் முடிவில் வெர்லின் டிரக் நின்றது. மடக்கு நாற்காலி நாலு, குளிர்பெட்டி, நாற்காலி முதுகில் கட்டிய ஒரு பலூன். அவன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

சைக்கிளில் போகும் மூன்று பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பயணம் எந்தத் தண்ணீரில் முடிகிறதோ, அதில் முன் சக்கரத்தை நனைத்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. ஒருத்தர் மட்டும் நனைக்கக்கூடாது. ஒரு வருடம் ஹோய்ட் டயர் கிழிந்து ஐந்து மணி நேரம் பிந்தி வந்தான். அதுவரைக்கும் பெண்கள் இருவரும் சைக்கிளைப் பிடித்தபடி கரையிலேயே குளிரில் நின்றார்கள். லோர்னாவுக்கு இது நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் பாதையில் திரும்பாமல் நேரே போனாள். இருங்கள், நில்லுங்கள், நன்றாக நில்லுங்கள்.

ஏரியை ஒட்டி மலை இடுப்பில் ஏறும் நெடுஞ்சாலை அது. முதல் வளைவு தாண்டுவதற்குள் பின்னால் டிரக் உறுமியது. வெர்ல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பக்கத்தில் ஊர்ந்து வந்தான்.

"லோர்னா, தப்பு என்னோடதுதான். ஒத்துக்கறேன். வெயில்ல வைக்க மறந்துட்டேன்."

"அதுவாய்யா தப்பு?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "ஆமா... வேறென்ன?"

"வண்டியத் திருப்பு வெர்ல். இல்லேன்னா நடுரோட்டுல படுத்துருவேன். படுக்கமாட்டேன்னு நினைக்காத."

அவன் நினைக்கவில்லை. அடுத்த அகலமான இடத்தில் டிரக் திரும்பிக் கீழே போயிற்று.

பிறகு காற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஏற்றம் செங்குத்தாகிக்கொண்டே வந்தது. தொடை எரிந்தது, நெஞ்சு அடித்தது, காதுக்குள் கேட்கிற மாதிரி அடித்தது. பதிமூன்று நாளில் முதன்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. வரட்டும் என்றிருந்தது. இந்தப் பயமாவது என்னுடையது. மூன்றாவது வளைவில் காலை ஊன்றி நின்று, துருவாடைத் தண்ணீரை ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கீழே பார்த்தாள்.

கரையில் டிரக் திரும்பி வந்து நின்றிருந்தது. ஹோய்ட் நாற்காலியில் உட்காராமல், சைக்கிளைப் பிடித்தபடி தண்ணீருக்கு நாலடி தள்ளி நின்றான். மாக்சினைக் காணவில்லை. கண்ணைச் சுருக்கித் தேடியபோது ரோட்டிலேயே தெரிந்தாள், இரண்டு வளைவுக்குக் கீழே. முட்டி இரண்டும் தேய்ந்தவள். இந்த ஏற்றமெல்லாம் அவளுக்கு ஆகவே ஆகாது. சைக்கிளை நாலு மிதி மிதிப்பதும், இறங்கித் தள்ளுவதும், மறுபடி ஏறுவதுமாக வந்துகொண்டிருந்தாள். மேலே பார்க்கவில்லை.

வா, வா என்று கறுவினாள் லோர்னா. எவ்வளவு தூரம் வருவாய் பார்க்கிறேன்.

மாக்சின் நின்றாள். சைக்கிள் கைப்பிடியில் இரண்டு கையையும் மடித்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்தாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தாள் லோர்னா. அப்படியேதான் இருந்தாள் மாக்சின். தலை நிமிரவில்லை. ஒரு லாரி அவளைச் சுற்றிக்கொண்டு ஏறி, லோர்னாவையும் தாண்டிப் போயிற்று. அப்போதும் நிமிரவில்லை. அங்கேயிருந்து பார்த்தால் முதுகு அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. லோர்னா பத்து வரை எண்ணினாள். இருபது வரை எண்ணினாள்.

"மாக்சின்!"

காற்று அதை ஏரிப் பக்கம் கொண்டுபோயிற்று.

"நிமிருடீ! சனியனே, நிமிர்ந்து தொலை!"

தலை நிமிரவில்லை. ஆனால் ஒரு கை மட்டும் கைப்பிடியிலிருந்து பிரிந்து மேலே வந்தது. கூப்பிடுகிற கை அல்ல. மணிக்கட்டோடு வெளியே தள்ளி, போ என்றது. லோர்னா பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். முன் சக்கரம் ஏற்றத்தைப் பார்த்திருந்தது, அவள் இறக்கத்தைப் பார்த்திருந்தாள். கீழே அந்தக் கை விடாமல் போ, போ என்று ஆடிக்கொண்டிருந்தது.