தோற்றால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம்

"என் பேரு அஸ்வான். வயசு இருபத்து மூணு. இருக்குறது மலேசியாவுல, ஈப்போவுல, மொதலாளி கடைப் பின்கட்டுல."

பெற்ற வாப்பாவிடம் பெயரும் வயதும் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து சீருடை போட்ட யார் எதிரே நின்றாலும் இதைத்தான் முதலில் சொல்லிப் பழகியிருந்தான். பயம் வந்தால் வாய் தானாக அங்கேதான் போய் நிற்கும். இப்போதும் பயம்தான். வாப்பாவை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை அவன்.

மதியக் கூட்டம் கலைந்திருந்தது. கை முழுக்க ரொட்டி மாவும் எண்ணெயும். போனை வெங்காய மூட்டைமேல் சாய்த்து வைத்து, மைக் படத்தை விரல் முட்டியால் அமுக்கிவிட்டுப் பேசினான். பேசப் பேச எழுத்தாக விழுந்தது. கூப்பிட்டே பேசலாம். ஆனால் வாப்பா பாதியிலேயே "சரி, வையி" என்றுவிடுவார். எழுத்தாகப் போனால் உம்மா சுபைதா நடுவீட்டில் உட்கார்ந்து கடைசி எழுத்துவரை சத்தமாக வாசிப்பாள். உம்மா வாசிக்கும்போது வாப்பா குறுக்கே பேசமாட்டார்.

விஷயம் தங்கை இஃபத்தைப் பற்றியது. ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கிறாள், கூடைப்பந்து டீமில் ஆடுகிறாள். மதுரையில் நடக்கும் காலேஜ் போட்டியில் முதல் ஆட்டத்தில் முப்பது பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்று வந்தார்கள். அதன்பின் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு அக்கா கல்யாணம். இஃபத்தையும் சேர்த்து ஐந்தே பேர் மிச்சம். நாளைக்கு அடுத்த ஆட்டம். "தோக்குறதுக்கு மதுரை வரைக்கும் போகணுமா? ஊரு சிரிக்கவா? வீட்டுல கெட" என்று வாப்பா கதவைச் சாத்திவிட்டார். இஃபத் அண்ணனுக்கு ஒரே வரி அனுப்பியிருந்தாள்: 'அண்ணே, நீ சொல்லு.'

"வாப்பா, நான் சொல்றதுக்கு முன்னாடி, போன சனிக்கிழம இங்க நடந்ததக் கேளுங்க."

அன்றைக்கு ஈப்போ விளையாட்டு மண்டபத்தில் காலேஜ் பெண்களுக்கான கூடைப்பந்துக் கோப்பை நடந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க முதலாளி நைனா முகம்மது இவனைத்தான் அனுப்பினார். "குடுத்தோமா வந்தோமான்னு இருக்கணும்லா. நின்னு வாய் பாத்தேன்னு வையி, குழம்புச் சட்டி பூரா நீதான் கழுவுற."

கொடுத்தான். வந்திருப்பான். ஆனால் ஆடிக்கொண்டிருந்தவள் தினேஸ்வரி. பீடோர் பக்கத்துத் தோட்டத்துப் பெண். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்த பிறகும் அவள் வீட்டார் அங்கேயேதான் இருந்தார்கள். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு காலேஜில் படித்தாள். பயிற்சி முடிந்ததும் கூட்டாளிகளோடு கடைக்கு வருவாள். "அண்ணே, உங்க ரொட்டியும் எங்க பந்தும் ஒரே சைஸ்லா" என்று இவனைச் சீண்டாமல் போகமாட்டாள்.

மற்றவர்களுக்குப் பரீட்சை என்பதால் அவள் டீம் அன்றைக்கு ஐந்து பேரோடுதான் வந்திருந்தது. எதிரே போன வருடச் சாம்பியன். முதல் பத்து நிமிடத்திலேயே ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொருத்திக்கு ஐந்து ஃபவுல் ஆகி நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். இடைவேளையில் நாற்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு. களத்தில் மிச்சம் மூன்று பேர்.

டீம் மேனேஜர் சுரேன் துண்டோடு ஓடி வந்தார். "தினேஸ், போதும்மா. மூணு பேர வெச்சு என்னத்த ஆடுறது? மானம் போயிரும்லா. வேன் வெளியதான் நிக்குது. கை குடுத்துட்டுப் போலாம்."

அவள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"சார், ஜெயிச்சா எத்தன பாயிண்ட்?"

"ரெண்டு."

"தோத்தா?"

"ஒண்ணு."

"பாதியில எறங்கிப் போனா?"

சுரேன் தலையைச் சொறிந்தார். "கோசோங்தான். வெறும் முட்டை."

"எங்க குரூப்புல நாலு டீமு. ரெண்டு டீமு அரையிறுதிக்குப் போவும். இவங்க போயிட்டாங்க. லூமுட்டும் தைப்பிங்கும் எல்லா ஆட்டத்தையும் முடிச்சிட்டு நாலு பாயிண்டுல நிக்கிது. எங்ககிட்ட மூணு. இதத் தோத்தா எங்களுக்கும் நாலு. மூணு டீமும் சமமா நின்னா, அந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஆடுனதுல யாரு அதிகமாப் போட்டதுன்னு பாப்பாங்க. லூமுட்ட நாங்க இருவது பாயிண்டுல அடிச்சிருக்கோம். தைப்பிங்குகிட்ட ரெண்டு பாயிண்டுலதான் தோத்தோம்."

பக்கத்தில் ஷூ கட்டிக்கொண்டிருந்த ஷர்மினி நிமிர்ந்தாள். "ஆரம்பிக்கத்தான் சார் அஞ்சு பேரு வேணும். ஆரம்பிச்சிட்டா ரெண்டு பேரு நின்னாக்கூட ஆட்டம் ஆட்டந்தான். இன்னும் ஒருத்தி விழுறதுக்கு எடமிருக்கு, கவலப்படாதீங்க."

"சிரிப்பாங்கம்மா..."

"சிரிக்கட்டும்லா," என்றாள் தினேஸ்வரி. "இந்தக் கோப்பை எப்படி வந்துச்சுன்னு தெரியும்தானே? அப்பல்லாம் பொம்பளைங்களுக்குப் போட்டியே கெடையாது. ஆம்பளைங்க ஃபைனல் இடைவேளையில, கூட்டம் கலையாம இருக்க, பத்து நிமிசம் ஆட விடுவாங்க. ஒரு வருசம் விசில் ஊதியும் அந்த அக்காங்க களத்த விட்டு எறங்கல. ரெண்டு டீமும் நடுவட்டத்துல உக்காந்துட்டாங்க. ஆம்பளைங்க வெளிய நின்னு கத்துறாங்க. தனிப் போட்டி வைக்கிறோம்னு மைக்குல சொன்ன பெறகுதான் எந்திரிச்சாங்க. இன்னைக்கும் ஃபைனலுக்கு முன்னாடி ரெண்டு டீமும் அந்த வட்டத்துல உக்காந்துட்டுத்தான் ஆடுது. எந்திரிக்க மாட்டோம்னு உக்காந்து வாங்கின கோப்பை சார் இது. நாங்க எந்திரிச்சு வேனுக்குப் போகணுமா?"

சுரேன் துண்டை அவள் தோளில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அஸ்வானின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. முதலாளி. எடுக்கவில்லை. சட்டி கழுவினால் கழுவிக்கொள்ளலாம்.

மூன்று பேரும் ஐந்து பேரைத் துரத்தினார்கள். துரத்தி என்ன, பந்து கூடையில் விழுந்துகொண்டேதான் இருந்தது. மேலே உட்கார்ந்திருந்த சில பையன்கள் கேலியாக எண்ணினார்கள்: அறுபது, அறுபத்திரண்டு. கடைசிப் பத்து நிமிடத்தில் ஷர்மினி முழங்காலில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் சுரேன் எழுந்து நின்று, அவள் எழுந்ததும் உட்கார்ந்தார். கடைசி நிமிடத்தில் தினேஸ்வரி இரண்டு பேருக்கு நடுவே புகுந்து ஒரு பந்தைப் போட்டாள். எண்ணிக்கொண்டிருந்த பையன்களே கை தட்டினார்கள்.

எண்பத்தாறுக்கு இருபத்தொன்று. விசில் ஊதியதும் தோற்ற மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கணுக்காலில் ஐஸ் கட்டியிருந்தவள் ஒற்றைக்காலில் நொண்டி வந்து சேர்ந்துகொண்டாள். ஜெயித்தவர்கள், ஏதோ கணக்குத் தப்பிவிட்டதோ என்று பலகையைப் பார்த்தார்கள்.

மறுநாள் அரையிறுதியில் தோற்றுத்தான் போனார்கள். அன்று சாயங்காலம் தினேஸ்வரி கடைக்கு வந்தபோது, முதலாளியே முறைத்துக்கொண்டே தே தாரிக் டீயை ஆற்றிக் கொடுத்தார். "தோத்ததுக்கு என்னா இத்தன ஆட்டம்?" என்றார். "அரையிறுதி வரைக்கும் வந்து தோத்தோம்லா மொதலாளி," என்றாள் அவள்.

இதையெல்லாம் அஸ்வான் போனிடம் சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது. முன்கட்டிலிருந்து குரல் வந்தது: "டேய் அஸ்வான்! ரெண்டு ரொட்டி கோசோங்! வெறும் ரொட்டிதானேடா! செத்தா போயிட்டே அங்க?" அதுவும் எழுத்தாக விழுந்தது. அழிக்கலாமா என்று பார்த்தான். அழிக்க ஆரம்பித்தால் கை நிற்காது, எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே விட்டான்.

"வாப்பா, படிப்ப விடுன்னீங்க, விட்டேன். மலேசியாவுக்குப் போன்னீங்க, வந்தேன். ஒண்ணுக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல. இதுக்குச் சொல்றேன், மாட்டேன். அவள வீட்டுல வைக்கிறதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். அவ போகலேன்னா அங்க நாலு பேருதான். நாலு பேர வெச்சு ஆட்டத்த ஆரம்பிக்கவே விடமாட்டாங்க. மத்த நாலு புள்ளைங்களையும் சேத்து நம்ம வீட்டுல பூட்டுன மாதிரி. போய்த் தோத்தா ஒரு பாயிண்டு. போகாட்டி பூஜ்யம். ஊரு சிரிச்சா, எம் பேரச் சொல்லுங்க. அண்ணங்காரன் போகச் சொன்னான்னு சொல்லுங்க. கோவம்னா எங்கிட்ட படுங்க, அவகிட்ட வேணாம்."

"அஸ்வான்!"

"வாரேன் மொதலாளி! ரெண்டு நிமிசம்!" அதுவும் விழுந்தது.

விரல் முட்டியால் அனுப்பும் அம்பை அமுக்குவதற்கு முன் கடைசியாக ஒன்று சொன்னான். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

"இத யாரு வாசிச்சாலும் சரி, விடிகாலையில மொத பஸ்ஸுல இஃபத்த ஏத்தி விடுங்க."